பக்கத்து அண்டத்தின் கட்டியகாரன்

அந்த ஒலிபெருக்கி செம்மஞ்சள் நிறம். கையில் பிடித்துப் பேசுகிற வகை. கடற்காற்றில் அதன் திருகாணிகள் துருவேறிக் கைப்பிடி கழன்று போனதால், யாரோ சைக்கிள் டியூப்பை வெட்டி இறுக்கிச் சுற்றியிருந்தார்கள். மாம்புரிக்கு அப்பால் கடலோரமாக இருந்த சின்னக் கோயிலில், பாதரின் அங்கிகள் தொங்கும் அறையில் ஓர் ஆணியில் அதுவும் தொங்கும். திருநாளுக்குப் புனிதரின் சுருவத்தைத் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றி வரும்போது செபமாலை சொல்வதற்காக மட்டும் வெளியே எடுப்பார்கள். பொத்தானை அழுத்தியதும் பேச்சுக்கு முன்னால் 'கிர்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம்தான் என்னோடு வந்து சேர்ந்தது. மற்றவையெல்லாம் அதற்குப் பின்னால் ஞாபகம் வருபவை.

யுத்தம் முடிந்து இரண்டு மூன்று வருடங்கள் ஆகியிருக்கும். நான் சிலாபத்துப் பக்கத்தில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். உப்பளத்தில் உப்பு வாரி, இறால் பண்ணையில் சேறு அள்ளி, ஒரு தென்னந்தோட்டத்தில் தேங்காய் உரித்து, எங்கும் ஒரு பருவத்துக்கு மேல் தங்காமல் திரிந்தவன். அந்த வருடம் மாம்புரியில் கரைவலை இழுக்கச் சேர்ந்தேன். வலையின் சொந்தக்காரரான சம்மாட்டி இரண்டு நேரச் சோறும், கறிக்கு மீனும், படுக்க ஒரு ஓலைக்கொட்டிலும் தந்தார். உள்ளங்கைத் தோல் முதல் வாரத்தில் உரிந்தது, பிறகு உரிக்கத் தோல் இருக்கவில்லை. சொல்லும்படியாக வேறு குறை ஒன்றுமில்லை.

கயிற்றில் எனக்கு முன்னால் நிற்பவரை எல்லோரும் அண்ணை என்றே கூப்பிட்டோம். சண்டை நடந்த வன்னியிலிருந்து மனைவியோடு வந்தவர். வலையில் கடற்பாம்பு அகப்பட்டால் மற்றவர்கள் துடுப்பால் அடித்துக் கொல்வார்கள். அண்ணை ஒரு தடியால் அதைத் தூக்கிக்கொண்டு போய் அலைக்குள் விட்டுவிட்டு வருவார். 'உங்கட சொந்தக்காரனோ, அண்ணை?' என்று பொடியன்கள் கேட்பார்கள். 'ஓம், மாமன் முறை' என்று சிரிக்காமல் சொல்வார். அவருடைய மனைவியை நான் அக்கா என்று கூப்பிட்டேன். எத்தாளையில் வெங்காயத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போவார். போகும் இடமெல்லாம் ஒரு நீலப் பையைக் கூடவே கொண்டு போவார். அதற்குள் ஒரு இளம்பெண்ணின் சட்டை, ஒரு சீப்பு, ஒரு பாக்கெட் பிஸ்கட் இருந்தன. பிஸ்கட் பழுதானால் வேறு வாங்கி வைப்பார். 'அக்கா, எந்த நாட்டுக்குப் பயணம்?' என்று வந்த புதிதில் நானும் கேட்டிருக்கிறேன். 'மகள் வந்தாளெண்டால் பசியோட வருவாள் தம்பி' என்றார். மகள் கடைசிச் சண்டையோடு காணாமல் போனவள் என்பதைப் பிறகு மற்றவர்கள் சொன்னார்கள். அதற்குப் பிறகு நான் பையைப் பற்றிக் கேட்கவில்லை.

அந்த ஊரில் திருநாளுக்குக் கூத்துப் போடுவது வழக்கம். சண்டைக் காலத்தில் விட்டுப்போனதை அந்த வருடம் திரும்பவும் தொடங்கினார்கள். கூத்தைப் பழக்குகிற அண்ணாவியார், படகுகளுக்கு பைபர் ஒட்டுவதைத் தொழிலாகச் செய்தவர். என்ன கதை போடுவது என்பதில் பெரிய இழுபறி. ஒலிபெருக்கிக்கு அனுமதி கேட்கப் பொலிசுக்குப் போனால் கதை என்னவென்று கேட்பார்கள். தமிழ் ராசா கதை போட்டால் ஒரு பிரச்சினை, சிங்கள ராசா கதை போட்டால் இன்னொரு பிரச்சினை. ஒரு நாள் பின்னேரம், வலையை வளைத்துவிட்டு இழுக்கக் காத்திருந்த நேரத்தில், அண்ணாவியார் பிசின் காய்ந்த கைகளைத் தட்டிக்கொண்டு வந்தார்.

'கதை கிடைச்சிட்டுது. இந்த அண்டத்துக்குப் பக்கத்தில இன்னொரு அண்டம். அங்கயும் இதே கடல், இதே கரை, இதே முகங்கள். ஆனா அங்க மனிசன் வேற மாதிரி. நட்சத்திரம் நட்சத்திரமாப் பிடிச்சு ஆளுறான். இரக்கம் எண்ட சொல்லே அவன்ட பாசையில இல்ல. மேல இருக்கிறவனைக் கொன்றுபோட்டுத்தான் கீழ இருக்கிறவன் மேல வரலாம்.'

'அப்ப நான் அங்க ஆரு?' என்று சம்மாட்டி கேட்டார்.

'நீங்க அங்கயும் சம்மாட்டிதான். பெயர் மட்டும் சக்கரவர்த்தி.'

'பக்கத்து அண்டத்தில நடந்தது எண்டால் ஆர் வந்து எங்களைக் கேக்கப் போறான்?' என்று அண்ணாவியார் கேட்டது எல்லோருக்கும் பிடித்துக்கொண்டது. அதைவிடப் பாதுகாப்பான கதை இருக்க முடியாது என்று நானும் நினைத்தேன்.

ஒத்திகைகள் சந்தோசமாக நடந்தன. கவசங்களை, மீன்பெட்டி செய்யும் ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரை அட்டையில் வெட்டி வெள்ளித்தாள் ஒட்டினோம். சம்மாட்டியின் பழைய வள்ளம்தான் நட்சத்திரக் கப்பல். அதைச் சுற்றிப் பளபளக்கிற பழைய சிடி பாட்டுத் தட்டுகளைத் தொங்கவிட்டு, அடியில் உருளைக் கட்டைகள் வைத்தோம். திரைக்குப் பின்னால் கடற்கரையில் நின்று அதைக் கயிற்றால் மேடைக்கு இழுக்கிற பேரரசுச் சிப்பாய் வேசம் எனக்கு. வலை இழுக்கத் தெரிந்தவனுக்கு அது போதும் என்றார்கள். ஊரே அந்தக் கொடிய பேரரசை விரும்பியது. தலைவனைக் கொன்று பதவி பெறும் கட்டத்தில் யார் யாரைக் கொல்வது என்று பொடியன்கள் சண்டை பிடித்தார்கள். வாழ்க்கையில் ஒரு மாட்டைக்கூட அதட்டாதவர்கள் மார்பில் அடித்து வணக்கம் வைத்துப் பழகினார்கள்.

ராசாவின் வருகையையும் கட்டளையையும் சபைக்கு அறிவிப்பவன் கட்டியகாரன். அவன் இல்லாமல் கூத்தே இல்லை. கொடியவன் பங்கை ஊரில் ஆகச் சாதுவான ஆளுக்குக் கொடுப்பது அண்ணாவியாரின் பழக்கம். பாவம் ஒட்டாது என்பார். அப்படித்தான் பேரரசின் கட்டியகாரன் வேசம் அண்ணைக்குப் போனது. தோற்றுப்போன ஒரு கிரகத்தின் சனங்களுக்குக் கட்டளை சொல்லும் இடத்துக்கு மட்டும் அண்ணாவியாருக்குப் பாட்டு வரவில்லை. 'உங்களுக்குத் தோணுறதைச் சொல்லுங்க, நான் மெட்டுப் போடுறன்' என்றார்.

அண்ணை கையிலிருந்த மணலைத் தட்டிவிட்டு எழுந்து நின்றார். பிறகு சாதாரணக் குரலில் சொன்னார். 'அன்பான மக்களே. கலகக்காரரோடு ஒரு நாளாவது இருந்தவர்கள் எழுந்து இந்தப் பக்கம் வரவும். பயப்பட வேண்டாம். பெயரைப் பதிந்துவிட்டு உங்களை வீட்டாரிடம் அனுப்பிவிடுவோம். பொருட்கள் ஒன்றும் கொண்டுவரத் தேவையில்லை.'

அண்ணாவியார் தலையில் அடித்துக்கொண்டார். 'கட்டியகாரன்ட குரல் ஏழு ஊருக்குக் கேக்க வேணும். நீங்க என்ன, வங்கியில கதைக்கிற மாதிரிக் கதைக்கிறீங்க? கத்துங்க! உறுமுங்க!'

'அவையள் கத்த மாட்டினம், அண்ணாவியார்' என்றார் அண்ணை. 'மரியாதையாத்தான் சொல்லுவினம்.'

யாரோ கோயிலிலிருந்து செம்மஞ்சள் ஒலிபெருக்கியைக் கொண்டுவந்தார்கள். அதில் சொல்லச் சொன்னார்கள். 'கிர்' என்றது. அண்ணை அதே குரலில் சொல்லி முடித்தார். 'மெட்டு வேண்டாம். நல்ல கற்பனை உங்களுக்கு' என்றார் அண்ணாவியார். நாங்களெல்லாம் அதைக் கற்பனை என்றே எடுத்துக்கொண்டோம். சண்டையின் கடைசி நாட்கள் எங்களுக்குத் தொலைக்காட்சியில் பார்த்த தூரத்துப் புகை. வெங்காயத் தோட்டங்களுக்கு அந்தப் பக்கம் குடியேறியிருந்த வன்னிக் குடும்பங்களில் அண்ணையைத் தவிர ஒருவரும் ஒத்திகைக்கு வந்ததில்லை. அவர்களுக்கு வேலை முடியவே பொழுது பட்டுவிடும்.

விடிய விடிய ஆட வேண்டிய கூத்தைப் பின்னேரமே தொடங்கி இருட்டுமுன் முடிக்கப் பொலிசில் சொல்லியிருந்தார்கள். வெயில் சாயாத நேரம். மணலில் பாய் விரித்து ஊரே உட்கார்ந்திருந்தது. வன்னிச் சனங்கள் வழக்கம்போல ஓர் ஓரமாக, எழுந்து போக வசதியாக இருந்தார்கள். அக்கா நீலப் பையை மடியில் வைத்திருந்தார். திரையின் கிழிசல் வழியாக நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். சம்மாட்டி வெள்ளித்தாள் முடியோடு வந்து ஆடியபோது விசில் பறந்தது. 'வயித்தைக் கொஞ்சம் எக்குங்க, சக்கரவர்த்தி!' என்று ஒரு கிழவர் கத்தினார். பிறகு மத்தளம் நின்றது. கட்டியகாரன் முன்னால் வந்து ஒலிபெருக்கியை வாய்க்குக் கிட்டப் பிடித்தார்.

'கிர்.'

'அன்பான மக்களே.'

இந்தப் பக்கம் வரவும் என்று சொல்லும்போது, பழக்கியபடி, அண்ணை இடது கையை நீட்டி மேடையின் ஓரத்தைக் காட்டினார். முதலில் வன்னிச் சனத்தின் பக்கமிருந்து ஒரு இளைஞன் எழுந்தான். அவன் அருகில் இருந்த பெண் வாயைப் பொத்தினாள். இன்னொருவன் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு எழுந்தான். ஊர்ச் சனம் கை தட்டியது. சபைக்குள்ளிருந்தே ஆட்களை எழும்ப வைத்திருக்கிறார் அண்ணாவியார், புதுமையாக இருக்கிறது என்று நினைத்துவிட்டார்கள். எழுந்தவர்களின் முகத்தைப் பார்த்த பிறகுதான் கைதட்டல் அங்கங்கே நின்றது. அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, வரிசையாக மேடை ஓரத்துக்கு நடந்தார்கள்.

சிம்மாசனத்திலிருந்த சம்மாட்டி வேசம் மறந்து, 'ஏய், ஆக்களை இருக்கச் சொல்லுங்கடா' என்றார். அண்ணாவியார் ஓடிப்போய் அண்ணையின் கையிலிருந்து ஒலிபெருக்கியைப் பிடுங்கினார். 'பயப்பட வேண்டாம்! இது கூத்து! எல்லாரும் இருங்க!' என்று அதற்குள்ளேயே சொன்னார். நல்ல மனிதர், நல்லதுக்குத்தான் சொன்னார். ஆனால் குரல் அதே குழாய்க்குள்ளிருந்து வந்தது. வரிசையில் நின்றவர்கள் சட்டென்று குந்தி, கைகளைத் தலையில் வைத்துக் குனிந்துகொண்டார்கள். ஒருவருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. நான் பசி பார்த்தவன், பிணம் பார்த்தவன். அதுபோல ஒன்றை அதற்கு முன் பார்த்ததில்லை.

அக்கா மட்டும் குந்தவில்லை. கடைசியாக எழுந்தவர் அவர்தான். நீலப் பையை மார்போடு பிடித்துக்கொண்டு, குந்தியிருந்தவர்களைக் கடந்து நேராக நடந்தார். அண்ணை மேடையிலிருந்து குதித்து, ரெஜிபோம் கவசம் உடைந்து விழ, அவர் முன்னால் போய் நின்றார்.

'இண்டைக்கு நீங்கள் என்னை மறிக்கக் கூடாது' என்றார் அக்கா. 'அண்டைக்கு ஆமி இப்பிடிக் கூப்பிட்ட நேரம் என்னைக் கையைப் பிடிச்சு இருத்திப்போட்டியள். பிள்ளை தனியப் போனவள். நானும் போறன்.'

அண்ணை வழியை விட்டார். 'ஓம்' என்றார். 'நானும் வாறன்.'

கை காட்டப்பட்ட பக்கம் மேடையின் ஓரம், அதற்கு அடுத்தது திரை. அக்கா திரையைத் தூக்கினார். திரைக்குப் பின்னால் நான் நின்றேன். மார்பில் வெள்ளித்தாள், தலையில் பேரரசின் தொப்பி, கையில் வள்ளத்தின் கயிறு. எனக்குப் பின்னால் உருளைக் கட்டையில் நட்சத்திரக் கப்பல், அதற்குப் பின்னால் வெறும் கரையும் கடலும். தொங்கவிட்ட தட்டுகள் வெயிலில் சுழன்றுகொண்டிருந்தன. அக்கா அதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். வள்ளத்தின் உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார். என்னை அவருக்குத் தெரியும். தினமும் என்னோடு கதைப்பவர். ஆனால் அப்போது என்னைத் தெரிந்தவரின் கண் அல்ல அது.

'ஐயா' என்று மிகப் பணிவாகக் கூப்பிட்டார். 'இங்கால வந்த பிள்ளையள் எங்க?'

அவரைப் பொறுத்தவரை, எழுந்து போனவர்கள் வந்து சேருகிற இடத்தில் நின்ற ஆள் நான். பதில் தெரிந்திருக்க வேண்டியவன். எனக்குத் தொப்பியைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை. அக்கா பையைத் திறந்து பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து என் கையில் வைத்தார். 'குடுத்துவிடுங்கோ, ஐயா' என்றார். அண்ணை அவருடைய தோளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு கரை வழியே நடந்தார். போகும்போது அவரும் ஒரு தரம் திரும்பி வள்ளத்துக்குள் பார்த்தார்.

கூத்து அதோடு முடிந்தது. அண்ணாவியார் மணலில் உட்கார்ந்து, 'நான் பக்கத்து அண்டம் எண்டுதானே சொன்னன்' என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் காலை வலை வளைத்தார்கள். அண்ணை கயிற்றில் தன் இடத்தில் நின்றார். அக்கா வெங்காயத் தோட்டத்துக்குப் போனார், பை தோளில். பிஸ்கட்டை நான் திருப்பிக் கொடுக்கப் போனபோது அண்ணை தலையை ஆட்டினார். 'வச்சிரு தம்பி. திருப்பிக் குடுத்தால், குடுக்க ஆளில்லை எண்டு அவளுக்கு விளங்கிப்போடும்.' அந்த வாரமே நான் எலுவன்குளம் பக்கம் வயல் வேலை இருக்கிறதென்று கேள்விப்பட்டுப் புறப்பட்டுவிட்டேன். காட்டோரத்தில் ஒரு குளக்கட்டில் உட்கார்ந்து பாக்கெட்டைப் பிரித்துப் பார்த்தேன். தின்ன முடியவில்லை, எறியவும் முடியவில்லை. எறும்பு மொய்த்தது. மூடி மடியில் வைத்துக்கொண்டேன்.

போன மாதம் புத்தளம் பஸ் நிலையத்தில் இருந்தேன். இப்போதும் எங்கும் தங்காமல்தான் திரிகிறேன். அன்று மன்னாருக்குப் போக வேண்டியிருந்தது. ஒரு பையன் செம்மஞ்சள் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தான். 'கிர்' என்றது. 'மன்னார் போறவங்க எழும்பி இந்தப் பக்கம் வாங்க' என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். ஆட்கள் பைகளைத் தூக்கிக்கொண்டு, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, அவன் காட்டிய பக்கம் போனார்கள். நான் உட்கார்ந்திருந்த கதிரையின் விளிம்பை இறுகப் பிடித்தபடி, அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் நின்றது, கதவு திறந்திருந்தது, உள்ளே ஆட்கள் உட்காருவதும் தெரிந்தது. அவர்கள் எல்லோரும் உட்கார்ந்து முடிகிறவரை எண்ணிக்கொண்டிருந்தேன். பஸ் என்னை விட்டுப் போயிற்று.