சீட்டில் எழுதிய கூலி

பொருளாதார வாத்தியாருக்குக் காலேஜில் 'கோட்டு சார்' என்று பெயர். எதைக் கேட்டாலும் சாக்பீஸை எடுத்து ஒரு வளைகோடு இழுத்துவிடுவார். இருபத்திரண்டு வருஷமாக வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறார். "வெளியிலேர்ந்து வர்றவங்க யார் வேலையையும் பிடுங்கறதில்ல. அவங்களும் சாப்பிடறாங்க, வாடகை கொடுக்கறாங்க, அதனால வேலைதான் பெருகுது" என்று அடித்துச் சொல்வார். பிள்ளைகளும் நிம்மதியாக எழுதிக்கொள்ளும்.

வருஷா வருஷம் வகுப்பில் ஒரு விளையாட்டு உண்டு. ஆளுக்கொரு சீட்டு. ஒரு மணி நேர வேலைக்கு, இதற்குக் கீழே கொடுத்தால் வரவே மாட்டேன் என்கிற கூலியைப் பெயரோடு எழுதித் தர வேண்டும். அந்த எண்களைப் புள்ளியாக வைத்து சார் கோடு போடுவார். இந்த வருஷம் பதினைந்து டாலர், பன்னிரண்டு, ஒன்பது என்று சீட்டு வந்துகொண்டிருக்க, பின்பெஞ்சுப் பெண் ஒருத்தி மூன்று என்று எழுதியிருந்தாள். சாருக்கு வாயெல்லாம் பல். "சபாஷ்! என் கோடு இவகிட்டேர்ந்துதான் ஆரம்பம்!" என்று எல்லோரையும் கைதட்ட வைத்தார். கோட்டுக்குப் பக்கத்தில் 'அழிக்க வேண்டாம்' என்றும் எழுதினார். சீட்டுக் கட்டை மட்டும் ஸ்டாஃப் ரூம் மேஜையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார், மகா புத்திசாலி.

மூன்று வாரம் போயிருக்கும். அந்த வகுப்பு இருக்கும் மாடியைப் பதினாலு வருஷமாகக் கூட்டித் துடைத்த அக்கா, பையும் கையுமாகக் காலேஜ் கேட்டில் நின்றாள்.

"உங்க பிள்ளைங்கதான் சார் என் சோத்துல மண்ணைப் போட்டுச்சு."

"அப்படிச் சொல்லாதீங்கக்கா, வெளியிலேர்ந்து வர்றவங்க..." என்று சார் பாடத்தை எடுத்தார். அக்கா நின்று கேட்கவில்லை.

சார் நேரே, துப்புரவு வேலைக்கு ஆள் எடுக்கும் காலேஜ் மேனேஜர் அறைக்குப் போனார். மேஜைமேல் அவருடைய சீட்டுகளே! சின்ன எண் மேலே வருகிற மாதிரி அடுக்கி, கிளிப் போட்டு வைத்திருந்தது.

"ஆறு பேரை எடுத்திருக்கோம் சார்," என்றான் மேனேஜர், பல்லைக் குத்திக்கொண்டே. "அவங்கவங்க எழுதின கூலிதான், ஒரு காசு குறைக்கல. விசா பயம் வேற, வாயே திறக்க மாட்டாங்க. எல்லாம் உங்க புண்ணியம்."

தூ! இதுவும் ஒரு பிழைப்பா? சார் சீட்டுக் கட்டை வெடுக்கென்று பிடுங்கினார்.

"தாராளமா எடுத்துட்டுப் போங்க சார், நகல் இருக்கு."

வகுப்பில் அந்தப் பெண் வாளியும் துடைப்பமுமாகக் குனிந்திருந்தாள். சோப்புத் தண்ணீரில் விரலெல்லாம் ஊறி வெளுத்திருந்தது.

"ஏம்மா மூணுன்னு எழுதினே? பஸ்ஸுக்குக்கூடப் பத்தாதே!"

"டெஸ்டுன்னு நெனச்சேன் சார். குறைச்சு எழுதினா மார்க் கூட வரும்னு... நீங்களும் கைதட்டச் சொன்னீங்களே."

மேனேஜரைப் பார்த்து வந்த அருவருப்பு இப்போது அப்படியே தன் மேலேயே திரும்பியது. சீ, நானெல்லாம் ஒரு வாத்தியார்! போர்டில் அந்தக் கோடு இன்னும் பத்திரமாக இருந்தது. அவளுடைய வாளியிலிருந்து ஈரத்துணியை எடுத்து அதை அழிக்கப் போனார்.

அவள் பதறி ஓடிவந்து துணியைப் பற்றிக்கொண்டாள்.

"விடுங்க சார், மேனேஜர் பார்த்துடப் போறாரு. என் வேலையைப் பிடுங்காதீங்க."