மாமா போட்ட மைலேஜ் கணக்கு

பெட்ரோல் பங்கில் எல்லோரும் மீட்டரில் பூஜ்யம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பார்கள். என் மாமனார் வண்டியின் பின்பக்கம் போய், இரண்டு கையாலும் அதைப் பிடித்து மேலும் கீழுமாக ஆட்டுவார். உள்ளே நான் ஆபீஸ் புடவையில், மடியில் சாப்பாட்டுப் பையோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருப்பேன். டேங்கில் காற்று அடைத்துக்கொண்டிருந்தால் பெட்ரோல் முழுசாக நிரம்பாதாம். முழுசாக நிரம்பாவிட்டால் அடுத்த முறை போடுகிற மைலேஜ் கணக்கு பொய்யாகிவிடுமாம். பின்னால் நிற்கிற பைக்குக்காரர்கள் ஹாரன் அடிப்பார்கள். "போதுங்கய்யா, வழியுது" என்று பங்க் ஆள் கெஞ்சுகிற வரைக்கும் மாமா விடமாட்டார். அப்போதெல்லாம் யாராவது தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களோ என்று முந்தானையால் முகத்தை மறைத்துக்கொள்வேன். மாமா இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது அந்தப் பங்க் வழியாகப் போனால், யாராவது வண்டியை ஆட்டிக்கொண்டு நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்க்கிறேன்.

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். ஏற்கனவே இரண்டு பேர் ஓட்டித் தள்ளிய ஒரு சின்ன வெள்ளைக் காரை வாங்கி, பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டார். பெற்ற பிள்ளை, அதாவது என் கணவர், குவைத்தில் இருந்தார். ஸ்ரீரங்கத்து வீட்டிலிருந்து கண்டோன்மெண்டில் இருக்கும் என் ஆபீசுக்குக் காலையில் கொண்டுபோய் விடுவதும் சாயங்காலம் வந்து நிற்பதும் மாமாவின் வேலை. "நான் பஸ்ல போய்க்கிறேன் மாமா" என்று சொல்லிவிட்டால் போதும், முகம் சுண்டிப்போகும். "அப்புறம் நான் எதுக்கும்மா இருக்கேன்?" என்பார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். காலையில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவதற்கு அந்த மனிதருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அந்தக் கார்தான் அந்தக் காரணம்.

அப்படிப்பட்ட கார் மைலேஜ் கொடுப்பதை நிறுத்தியது. லிட்டருக்குப் பதினைந்து ஓடிக்கொண்டிருந்தது பத்துக்கு இறங்கிவிட்டது. மாமா அதைத் தன் மரியாதைக்கு வந்த சோதனையாகவே எடுத்துக்கொண்டார். முதலில் பழி பங்க் மேல் விழுந்தது, பங்கை மாற்றினார். அப்புறம் ஏர் ஃபில்டரைக் கழற்றி வாசலில் தட்டினார். தெருவில் பாதி மண் அதில்தான் இருந்தது. புதுசு மாட்டினார். பிளக்குகளை உப்புத்தாள் வைத்துத் தேய்த்தார். வெயில் ஏறுவதற்கு முன்னால் டயருக்குக் காற்று பிடித்துவிட வேண்டும் என்று விடியற்காலையிலேயே கிளம்பினார். மேலே சும்மா கிடந்த கேரியரைக் கழற்றிப் போட்டார். மண்ணச்சநல்லூரில் வாங்கிய அரிசி மூட்டையை டிக்கியிலேயே மறந்துவிட்டதற்கு என் மாமியாருக்கு அர்ச்சனை நடந்தது. சிக்னலில் எஞ்சினை அணைப்பார். ஏசி கூடவே கூடாது என்று எனக்கு உத்தரவு. ஆபீஸ் போய்ச் சேரும்போது வேர்வையில் எனக்கு அபிஷேகமே ஆகியிருக்கும். "வண்டிக்குப் பாக்குற வைத்தியத்துல பாதிய உங்க சுகருக்குப் பாருங்க" என்று அத்தை வாய் ஓயாமல் சொல்வார். "அது பாட்டுக்கு இருக்கு, விடு" என்பார் மாமா.

எதற்கும் மசியவில்லை வண்டி. கடைசியில் திருவானைக்காவலில் ஒரு மெக்கானிக்கிடம் விட்டோம். கிளட்ச் பிளேட் தேய்ந்து போயிருந்தது. "யாரோ கிளட்ச் மேல கால வச்சுக்கிட்டே ஓட்டுறாங்க சார். பெடல் லேசா அமுங்கியே இருந்தா எஞ்சின் சும்மா உறுமும், பெட்ரோலக் குடிக்கும், அந்த அளவுக்கு வண்டி நகராது. வீட்ல யாராச்சும் புதுசா ஓட்டப் பழகுறாங்களா?" என்று கேட்டார் அவர். பழகிக்கொண்டிருந்தது நான்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் கொள்ளிடக் கரைப் பக்கம் ஆள் நடமாட்டமில்லாத சாலையில் மாமாதான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். மெக்கானிக் ஷெட்டில் நின்ற எல்லோரும் ஒரே சமயத்தில் என்னைப் பார்த்தார்கள்.

எனக்கு ஆத்திரமான ஆத்திரம். நான் கிளட்ச்சில் காலை வைத்துக்கொண்டே இருக்கிற ரகம் இல்லை. பயத்தில் படக்கென்று காலை எடுத்து வண்டியை நடுரோட்டில் நிறுத்துகிற ரகம். "நான் வைக்கல மாமா" என்றேன். "தெரியாம வச்சிருப்பம்மா. கால் அங்க இருக்குறது நமக்கே தெரியாது" என்றார் அவர். கோபமில்லாமல்தான் சொன்னார், அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. அன்றோடு என் டிரைவிங் படிப்புக்கு மூட்டை கட்டியாயிற்று. வண்டியில் போகும்போது கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டு, ஜன்னல் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்து வந்தேன்.

புது பிளேட் மாட்டியாயிற்று. இப்போது ஓட்டுவது மாமா ஒருவர்தான். டேங்கை நிரப்பினார், ஆட்டினார், கிலோமீட்டரை மனசில் குறித்துக்கொண்டார். பங்கிலிருந்து திரும்பினால் அன்று ராத்திரி சாப்பாட்டில் மைலேஜ் எவ்வளவு என்று அறிவிப்பு வரும். அந்தத் தடவை வரவில்லை. அடுத்த தடவையும் வரவில்லை. குறைந்திருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது. இப்போது யாரைச் சொல்வார் பார்ப்போம் என்று. அந்த நாட்களில்தான் ஒருமுறை காய்கறிக் கடைக்குப் போனவர் இடது காலில் செருப்பில்லாமல் திரும்பி வந்தார். வழியில் கழன்று விழுந்தது அவருக்குத் தெரியவே இல்லை. அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், நானும் சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை. வாசல்படியில் உட்கார்ந்து அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் காலை, காவிரிப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் வண்டியை ஓரம் கட்டினார். ஏதோ ரிப்பேர் என்று நினைத்தேன். ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து பார்த்தார். கையால் முழங்காலைப் பிடித்துத் தூக்கி, இடது காலைத் தள்ளி வைத்தார். பிறகு எஞ்சினை அணைத்து சாவியை என் மடியில் வைத்தார்.

"நான்தாம்மா" என்றார். "கால் கிளட்ச் மேலதான் இருக்கு. எடுத்துட்டேன்னு நெனச்சுக்கிட்டுத்தான் இத்தன நாளும் ஓட்டியிருக்கேன். குனிஞ்சு பாத்தாத்தான் தெரியுது. உன்னைப் போய்ச் சொல்லிட்டேனேம்மா."

என் மேல் விழுந்த பழி போனதில் ஒரு துளியாவது சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவருடைய வேட்டியும் அந்தக் காலும்தான் கண்ணில் நின்றன. பஸ்களும் பைக்குகளும் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. அன்று நான் ஆபீஸ் போகவில்லை. ஆட்டோ பிடித்து அவரை டாக்டரிடம் கூட்டிப்போனேன். சர்க்கரை அந்தப் பாதத்தின் நரம்புகளைத் தின்று முடித்திருந்தது. இனிமேல் வண்டி ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொன்னபோது, மாமா பள்ளிக்கூடத்துப் பையனைப் போலத் தலையாட்டினார். அடுத்த வருஷம் அதே காலில், அவருக்கு வலி தெரியாமலேயே ஒரு புண் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

நான் எழுத நினைத்தது அதற்கு முந்தைய ஒரு நாளைப் பற்றி. நான் லைசென்ஸ் எடுத்து, மறுபடியும் புது கிளட்ச் பிளேட் மாட்டி, ஓட்டத் தொடங்கியிருந்தேன். மாமா இஸ்திரி போட்ட சட்டையோடு இடது பக்க சீட்டில் உட்கார்ந்து ஆபீஸ் வரைக்கும் வருவார். நான் உள்ளே போன பிறகு பஸ் பிடித்து வீட்டுக்குத் திரும்புவார். "ஒரே ஒரு தடவ டேங்க் ஃபுல் பண்ணி மைலேஜ் பாத்துருவோம்மா. வண்டியிலயும் ஏதாச்சும் கோளாறு இருக்கலாம்ல" என்றார் ஒருநாள். அந்தக் குரலில் இருந்த ஆசை எனக்குப் புரிந்தது. நான் ஓட்டியும் பத்துதான் வந்தால், குற்றம் முழுக்க அவர் காலுடையது இல்லை என்று ஆகிவிடும். நிரப்பினோம். மைலேஜ் வரக்கூடாது என்று ரங்கநாதரிடம் வேண்டிக்கொண்டேன். சாமி கைவிட்டுவிட்டால் என்ன செய்வது என்று நானே ஒரு வழியும் கண்டுபிடித்தேன். பாலத்தின் மேல் போகும்போது இடது காலை கிளட்ச் மேல் வைத்து லேசாக அமுக்கிக்கொண்டேன். எஞ்சின் உறுமியது. வண்டி மெதுவாகத்தான் போனது.

மாமா என் காலைப் பார்க்கவில்லை. நேராக ரோட்டைப் பார்த்தபடியே கொஞ்ச நேரம் அந்த உறுமலைக் கேட்டுக்கொண்டு வந்தார்.

"கால எடும்மா" என்றார்.

"நான் வைக்கல மாமா."

"சத்தம் தெரியுதும்மா. எனக்காக வண்டியக் கெடுத்துராத."

காலை எடுத்தேன். உறுமல் நின்று, வண்டி உடனே லேசாகி ஓடத் தொடங்கியது. அது அவ்வளவு நன்றாக ஓடியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.