ஆள் தேடி வந்தவர்

தொண்ணூறுகளில் நாங்கள் பந்தடிக்கும் வெக்ஸ்போர்ட் மைதானத்துக்கு ஒரு தமிழர் வருவார். அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் கால்பந்து அணிக்கு ஆள் தேடுபவர். யாரோடு பேசினாலும் கால்களையே பார்ப்பார். என் நண்பன் ஜூட்டைத் தெரிவுசெய்தார். அவனளவு கோல் போட்ட என்னை விட்டுவிட்டார்.

ஒருநாள் என்னைத் தனியே கூப்பிட்டார்.

“தம்பி, ஜூட்டுக்குப் படிப்பு ஓடாது. கொலிஜ் சோதினையை அவன்ர பேரில நீர் எழுதுவீரோ?”

“என்னை ஏன் எடுக்கேல்லை, அண்ணை?”

“உமக்கு வேகம் காணாது.”

“அப்ப ஏலாது. உது களவு.”

“களவெண்டோ, எரிச்சலிலயோ?” என்று சிரித்தார்.

வேறொருவன் எழுதிக்கொடுக்க, ஜூட் போய்விட்டான். என் நேர்மையை அம்மா இன்றும் மெச்சுகிறார். என்னையும் எடுத்திருந்தால் அந்தச் சோதனையை ஜூட்டுக்கும் சேர்த்து இரண்டு தரம் எழுதியிருப்பேன் என்பது அந்த மனிதருக்கு மட்டும்தான் தெரியும்.