அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்திருந்த மரியசெல்வம் அண்ணாச்சி

பசுவந்தனையிலிருந்து மரியசெல்வம் அண்ணாச்சியின் மகள் புஷ்பம் காலையிலேயே போனில் கூப்பிட்டார். "சார், அப்பா தவறிட்டாவ. சாயங்காலம் அடக்கம். கல்லறைத் தோட்டத்துல நீங்க ரெண்டு வார்த்தை பேசணும்னு சொந்தக்காரவிய சொல்லுதாவ. நீங்க நல்லாப் பேசுவீங்கன்னு அப்பாவே சொல்லியிருக்காவ." வருகிறேன் என்று சொல்லி வைத்தேன். ஆனால் அண்ணாச்சிக்கு நான் ஏற்கெனவே ஒரு முறை இரங்கல் உரை ஆற்றியிருக்கிறேன். அன்றைக்கு அவர் உயிரோடு கூட்டத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

உங்களில் சிலர் அந்தக் கூட்டத்தில் இருந்தீர்கள். இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். கோவில்பட்டியில் தீப்பெட்டி அடுக்கிவைத்திருந்த பழைய கிட்டங்கி ஒன்றைச் சுத்தம் செய்து நாங்கள் சிலர் அருங்காட்சியகம் நடத்துகிறோம். கல்லூரியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்ற நான் அதன் செயலாளர். எப்போதும்வென்றான் என்ற ஊருக்குப் பக்கத்து மாதா கோயில் ஒன்றின் சாமான் அறையில் கிடந்த ஒரு பெட்டி எங்களுக்கு வந்து சேர்ந்தது. ரேடியோ பாகங்களைக் கோத்து, மரக்கட்டைகள் பொருத்தி, லாரி பேட்டரியில் ஒலிக்கும்படி செய்த ஆர்மோனியம்; அடியில் மரியசெல்வம் என்று பெயர் பொறித்திருந்தது. கடைகளில் கீபோர்டு வந்து இறங்குவதற்கு வெகுகாலம் முன்பே நம் கரிசல்காட்டில் ஒருவர் இதைச் செய்திருக்கிறார் என்று நாங்கள் துள்ளிக் குதித்தோம். மின்னணு இசைக்கருவியின் முன்னோடிக்கு விழா எடுப்பது என்று முடிவாயிற்று.

அழைப்பிதழில் அவர் பெயருக்கு முன்னால் 'அமரர்' என்று போட்டவன் நான். யாரும் சொல்லி நான் போடவில்லை. நம் ஊரில் ஒருவருக்கு விழா எடுக்கிறோம் என்றால் அவர் இறந்திருப்பார் என்பது எனக்கு அத்தனை இயல்பாக இருந்திருக்கிறது. டவுன் பஸ் ஏறிப் போய் விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும். போகவில்லை. அந்தப் பெட்டியோடு அவர் நிற்கிற திருவிழாப் படம் ஒன்றிலிருந்து அவருடைய இளவயது முகத்தைப் பெரிதாக்கி, மாலை போட்டு, குத்துவிளக்கு ஏற்றினோம். நான் தழுதழுத்த குரலில் பேசினேன். கைதட்டல்கூடக் கிடைத்தது. கடைசியில் எல்லோரும் எழுந்து மௌனமாக நின்றோம்.

கூட்டம் கலைந்த பிறகு, வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த பெட்டியைக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். தொடக் கூடாது என்று சொல்லப் போனேன்.

"தொடல சார். போட்டோவுல மாலையோட இருக்கது நான்தான்" என்றார்.

அவர்தான் என்னை நாற்காலியில் உட்காரவைத்தார்.

"மௌன அஞ்சலிக்கு நீங்களும் எழுந்து நின்னீங்களே அண்ணாச்சி" என்று மட்டும் கேட்டேன்.

"எல்லாரும் எந்திரிச்சாவ. நாம மட்டும் உக்காந்திருந்தா மரியாதையா இருக்குமா? யாருக்கோ நிக்கோம்னு நின்னுக்கிட்டேன்."

தேநீர் வாங்கிக் கொடுத்தேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை. அவர் ரேடியோ பழுது பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், மாதா கோயில் திருவிழாவன்று ஆர்மோனியக்காரர் கூடுதல் சம்பளம் என்று வேறு ஊருக்குப் போய்விட்டாராம். அந்தக் கோபத்தில் செய்தது இந்தப் பெட்டி. முதல் பாட்டுக்கு அது எழுப்பிய சத்தத்தில் சாமியார் பூசையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாராம். பிறகு அம்மன் கோயில் கொடைவிழாவுக்கும் அதைக் கேட்டு வாங்கிப் போயிருக்கிறார்கள். "ரெண்டு பக்கத்துச் சாமியும் ஒண்ணும் சொல்லல. பேட்டரி இறங்குனாத்தான் அது கோவிக்கும்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது. அவரை மேடையில் உட்காரவைத்து இன்னொரு விழா நடத்துவதாக வாக்குக் கொடுத்தேன்.

"விழால்லாம் வேண்டாம் சார். ஒரு மணி நேரம் அந்தக் கண்ணாடியத் திறந்து விடுங்க. வாயத் தொறக்காம கெடக்குது, பாக்கப் பாவமா இருக்கு. நான் சரி பண்ணிருவேன். என்னைத் தவிர அதுக்குள்ள என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது." சாவி அருங்காட்சியகத் தலைவரிடம் இருந்தது. அவர் சாப்பிடப் போய்விட்டார். போன் நம்பரைக் கொடுத்து வாங்கிக்கொண்டு, சொல்லி அனுப்புகிறேன் என்றேன்.

சொல்லி அனுப்பவில்லை. தலைவரிடம் கேட்டபோது, "அவரைக் கூட்டிட்டு வந்து வாசிக்க வச்சா அமரர்னு போட்டதுக்கு என்ன பதில் சொல்லப்போறீங்க? பேப்பர்ல போட்டுச் சிரிப்பான். அவரே பெருசா எடுத்துக்கல, விடுங்க சார்" என்றார். நானும் விட்டேன். தலைவர் மேல் பழி போட எனக்கு வாய் இல்லை. அவர் அப்படிச் சொன்னபோது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் அண்ணாச்சி தூரத்தில் வருவதைப் பார்த்ததும் கடலைமிட்டாய்க் கடைக்குள் நுழைந்து, வேண்டாத மிட்டாயை நிறுக்கச் சொல்லி, அவர் பஸ் ஏறும்வரை நின்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டியவரிடமிருந்து ஒளிந்துகொள்வதுதான் எனக்குத் தெரிந்த மரியாதையாக இருந்தது.

அடக்கத்துக்குப் போனேன். புஷ்பம் அழுதுகொண்டே சொன்னார்: "நீங்க பேசினதை வீட்டுல வந்து அம்மாகிட்ட அப்படியே நடிச்சுக் காட்டுனாவ. எவனுக்குக் கிடைக்கும், செத்தபொறவு என்ன சொல்லுவானுவன்னு நான் காதால கேட்டுட்டேன்னு சிரிப்பு. அப்புறம் சார் கூப்பிடுவாவ, சார் கூப்பிடுவாவன்னே இருந்தாவ." கல்லறைத் தோட்டத்தில் என்னை முன்னால் தள்ளினார்கள். ஒரு வார்த்தையும் வரவில்லை. இருந்ததையெல்லாம் அவர் இருக்கும்போதே தவறாகச் செலவழித்திருந்தேன். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஒதுங்கிவிட்டேன். துக்கம் தாங்காமல் சார் பேசவில்லை என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். அதையும் நான் மறுக்கவில்லை.

மறுநாள் தலைவர் வீட்டுக்குப் போய்ச் சாவியை வாங்கி வந்து கண்ணாடியைத் திறந்தேன். தெரிந்த மெக்கானிக் ஒருவர் பேட்டரியோடு வந்து மதியம்வரை பார்த்தார். "இது அவிய கையில பண்ணுன வேலை சார். எது எங்க போகுதுன்னு அவியளத்தான் கேக்கணும்" என்று எழுந்துவிட்டார்.

எல்லோரும் அண்ணாச்சியின் நினைவாக என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். என் கைப்பேசியில் அவர் பெயருக்கு நேரே நான் எடுக்காத அழைப்புகள் சிவப்பில் வரிசையாக இருக்கின்றன. அவற்றை வைத்திருக்கிறேன்.