கத்தரிப்பூ நிறத்தில் ஒரு துணித்துண்டு

காலையில் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டு, இமையை மூடி உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. ஓசூர் பாகலூர் சாலையில் வீடியோ எடிட்டிங் கடை வைத்திருந்த அன்வர் பாயின் மனைவி பேசினார். "சார், அவரு காலையில எழுந்திரிக்கல." அன்வரிடம் நான் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. வெட்கப்பட்டுப் பதினைந்து நாட்களாகத் தள்ளிப்போட்டிருந்தேன்.

அவருடைய கேமராவின் முன் தங்கள் வீட்டுப் பெண்ணையோ பிள்ளையையோ நிறுத்தியவர்கள் இந்தப் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் அவர் தையல்காரரிடம் சேலையில் வெட்டிய ரவிக்கைத் துணியில் மிஞ்சிய துண்டைக் கேட்டு வாங்கியிருப்பார். கேமரா எடுத்த படம் முதலில் சாம்பல் பூசியதுபோல வெளிறித்தான் இருக்கும். உப்புப் போடாத குழம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு போடுவது என்பது சமைப்பவர் கையில் இருக்கிறது. அன்வர் அந்தத் துண்டைத் திரையின் ஓரத்தில் ஒட்டிவைத்து, திரையில் தெரியும் சேலை அதோடு ஒத்துப்போகும்வரை நிறத்தைக் கூட்டிக் குறைப்பார். "துணி பொய் சொல்லாது சார். ஆனா துணி சேர்ந்தா பாதி வேலைதான். மண்டபத்து லைட்டு முகத்துல வேற மாதிரி விழும். மீதிப் பாதிக்கு நான் பார்த்து வச்சிருக்கணும்" என்பார்.

பார்த்து வைப்பது என்றால் என்ன என்று என் மகளின் கல்யாணத்தில் தெரிந்துகொண்டேன். கேமராவைக் கீழே வைத்துவிட்டு, என் மனைவி மரகதத்தை ஜன்னல் பக்கம் ஒரு நிமிடம் நிற்கச் சொன்னார். வெறும் கண்ணால் பார்த்தார்.

"என்ன பாய், பொண்ணு அங்க இருக்கா. என்னைப் பார்க்கறீங்க?"

"பொண்ணு முகத்துல மேக்கப் இருக்குதும்மா. இந்த வீட்டு நிறம் இப்ப உங்ககிட்டதான் இருக்கு."

மரகதம் அன்று முழுவதும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

கல்யாணப் படத்தை மாப்பிள்ளை வீட்டார் சினிமா மாதிரி வேண்டும் என்றார்கள். பெங்களூரிலிருந்து வந்த மாப்பிள்ளையின் தம்பி கடையிலேயே உட்கார்ந்துகொண்டார். நிழலெல்லாம் நீலப் பச்சையாக, முகமெல்லாம் ஆரஞ்சாக வேண்டும் என்றார். "சினிமாவுல பொண்ணுக்கு நலங்கு மஞ்சள் பூச மாட்டாங்க ப்ரோ. இங்க பூசியிருக்காங்க. அத நான் எங்க கொண்டுபோய் ஒளிக்கிறது?" என்று அன்வர் கேட்டார். தம்பி சிரித்தாரே தவிர விடவில்லை. அன்வர் கேட்டபடியே செய்து கொடுத்தார். அந்தப் படத்தில் மரகதமும் செம்புப் பொம்மைதான். ஏன் விட்டுக்கொடுத்தீர்கள் என்று பிறகு கேட்டேன். "ஒரு தடவ சொல்லுவேன் சார். ரெண்டாவது தடவ சொன்னா அது சண்டை."

அடுத்த வருடம் மரகதம் போய்விட்டாள். போனில் இருந்த படங்களில் எல்லாம் போனே அவள் முகத்தை வெளுப்பாக்கியிருந்தது. முதல் திதிக்கு, கல்யாணத்தில் அவள் வரும் இடங்களை மட்டும் தனியாக, அவள் நிறத்திலேயே வேண்டும் என்று அன்வரிடம் போனேன். கத்தரிப்பூ நிறச் சேலை. துண்டை ஒட்டி, இரண்டு நாள் உட்கார்ந்து செய்து வைத்திருந்தார்.

நான் பார்த்தேன். மங்கிப் பழுப்பேறித் தெரிந்தது. "இது அவள் நிறம் இல்லை" என்றேன். துண்டைக் காட்டினார். "துணியும் மங்கிப்போயிருக்கிறது" என்றேன்.

அவர் திரையை விட்டு என் கண்ணைப் பார்த்தார். "துணி மாறல சார். ஒரு தடவ கண்ணைக் காட்டிட்டு வாங்க."

வெள்ளொளி ஏழு நிறமாகப் பிரிவதை முப்பத்து மூன்று வருடம் வகுப்பில் நடத்தியவன் நான். "என் மனைவியின் முகத்தை எனக்கே சொல்லித் தருகிறீர்களா?" என்று கத்திவிட்டேன். அவர் நான் சொல்லச் சொல்ல நீலத்தைக் கூட்டினார். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றேன். திதியன்று அந்தப் படத்தைப் போட்டோம். மகள் பாதியில் எழுந்து உள்ளே போய்விட்டாள். துக்கம் தாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

சென்ற மாதம் கிருஷ்ணகிரியில் கண்புரையை எடுத்தார்கள். முற்றிய புரை ஒரு மஞ்சள் கண்ணாடி மாதிரி. அதன் வழியாகவே உலகத்தைப் பார்த்துப் பழகியிருந்திருக்கிறேன். கட்டு அவிழ்த்து நான்காம் நாள் படத்தைப் போட்டேன். மகளின் மணமேடையில், பூத்தட்டோடு, உதடு நீலம் பாய்ந்து நின்றுகொண்டிருந்தாள் மரகதம். மருத்துவமனையில் கடைசி நாளில் நான் பார்த்த முகம் அது. அவள் சிரித்த நாளின் மேல் அந்த நாளை நானே பூசியிருக்கிறேன். கண்ணைக் காட்டிவிட்டு வரச் சொன்ன ஒரே மனிதரைக் கத்தி அடக்கிவிட்டு.

நாளை போகலாம், நாளை போகலாம் என்றிருந்தேன். கடைசியில் அவருடைய ஜனாஸாவுக்குத்தான் போனேன்.

கேமரா எடுத்த மூலப்படம் இருக்கும் டிஸ்க் என்னிடம்தான் இருக்கிறது. போன வாரம் வேறொரு ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனேன். துண்டைக் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் கத்தரிப்பூ நிறம் அப்படியே வந்துவிட்டது. முகத்தில் மட்டும் மண்டபத்து விளக்குகளின் பச்சை படிந்திருந்தது.

"சேலை வந்துருச்சு சார். முகம் எப்படி வேணும்? கொஞ்சம் கலரா பண்ணிரலாமா?"

"வேண்டாம். அவள் நிறம்."

"அது எப்படி இருக்கும், சொல்லுங்க சார்."

கண்ணை மூடி நினைத்துப் பார்த்தேன். நாற்பது வருடம் எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட முகம். நீலமாகத்தான் வந்தது. டிஸ்க்கை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்வர் பாயின் ஞாபகமாக என்னிடம் இருப்பது அவர் திருப்பிக் கொடுத்த அந்தத் துண்டு மட்டும். ஒரு கவரில் போட்டு, மேலே "டீச்சர் சார் வீட்டு அம்மா" என்று எழுதியிருக்கிறார். சேலைக்கு அது இருக்கிறது. முகத்துக்கு அவர் இருந்தார்.