ஒன்பது கையெழுத்து

எங்கள் இல்லத்தின் அலுவலகத்தில் இருபத்தொரு வருடமாக வேலை பார்க்கிற அம்மாவை எல்லோரும் நோட்டக்கா என்றுதான் கூப்பிடுவோம். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருக்கிறது. நிர்வாகக் குழுவின் கூட்டக் குறிப்பு நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவர் ஊரெல்லாம் அலைந்ததால் வந்த பெயர் அது. ஏன் அலைந்தார் என்று கேட்டால் குழுவில் இருக்கிற நாங்கள் ஒன்பது பேரும் தலையைக் குனிந்துகொள்ள வேண்டியிருக்கும்.

இல்லம் என்பது மனவளர்ச்சி குறைந்த பெரியவர்கள் தங்கும் இடம். இருபத்து நான்கு கட்டில்கள். அதை நடத்த ஒன்பது பேர் கொண்ட குழு. நான் மருந்துக்கடைக்காரன். மருந்து விற்கிறவனுக்கு இரக்கம் இருக்கும் என்று யாரோ தப்புக் கணக்குப் போட்டு என்னையும் சேர்த்துவிட்டார்கள். பல் டாக்டர் ஒருவர், வக்கீல் ஒருவர், இன்னும் சிலர். கட்டடம் கட்டி ஓய்ந்த ஒருவர் தலைவர்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை நாங்கள் கூட வேண்டும், குறைந்தது ஐந்து பேர் இருக்க வேண்டும் என்பது விதி. ஆரம்பத்தில் கூடினோம். பிறகு ஒருவருக்குக் கல்யாணம், ஒருவருக்கு முதுகு வலி, எனக்குக் கடை. கடைசியில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. கூட்டத்தில் என்ன நடந்திருக்க வேண்டும் என்று தலைவர் போனில் சொல்வார். நோட்டக்கா அழகான கையெழுத்தில் எழுதுவார். பிறகு பஸ் ஏறி, ஒன்பது பேரின் வாசலுக்கும் போய்க் கையெழுத்து வாங்கி வருவார். இரண்டு நாள் வேலை. பல் டாக்டரிடம் நோயாளிகளோடு வரிசையில் உட்கார வேண்டும். வக்கீல் வீட்டில் நாய்க்குப் பயந்து கேட்டிலேயே நிற்க வேண்டும். என் கடையில் கூட்டம் குறையும் வரை ஓரமாக நிற்பார். "உக்காருங்க"ன்னு சொல்ல என்னிடம் ஒரு ஸ்டூல் கூடக் கிடையாது.

இந்த லட்சணத்தில் பதினோரு வருடம் ஓடியது. ஒன்பது பேரும் கூடிப் பேசி, ஒருமனதாக முடிவெடுக்கிற அருமையான குழு என்று நோட்டு சொல்லும்.

போன வருடம் தலைவருக்கு ஒரு யோசனை வந்தது. கெட்ட யோசனை என்று சொல்ல மாட்டேன். வயதானவர்களுக்குப் பராமரிப்பு அதிகம் வேண்டியிருக்கிறது, இளையவர்களைச் சேர்த்தால் ஏதாவது தொழில் கற்றுக்கொடுக்கலாம் என்று நினைத்தார். நாற்பது வயதைத் தாண்டியவர்களை மூன்று மாதத்துக்குள் குடும்பத்தாரிடம் ஒப்படைப்பது என்று போனில் தீர்மானம் சொன்னார். நோட்டக்கா எழுதிக்கொண்டார். நாற்பதைத் தாண்டியவர்கள் எட்டுப் பேர். அவர்களில் ஒருவன் நோட்டக்காவின் தம்பி.

தம்பிக்கு நாற்பத்தாறு வயது. அவனை நான் பார்த்திருக்கிறேன். வாசலில் கழற்றிப் போடும் செருப்புகளையெல்லாம் ஜோடி சேர்த்து வரிசையாக வைப்பது அவன் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை, அவனே எடுத்துக்கொண்டது. பதினெட்டு வருடமாக அதே கட்டில், அதே வாசல்.

அந்தப் பக்கத்தோடு நோட்டக்கா என் கடைக்கு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இருமல் மருந்துக்கும் சர்க்கரை மாத்திரைக்கும் நடுவில் நோட்டைத் திறந்து வைத்தார்.

"சார், இத ஒரு தடவ பாத்துடுங்களேன்."

"நீங்க எழுதினா சரியாத்தான்க்கா இருக்கும்."

"இல்ல சார், ஒரு தடவ."

"கடையில கூட்டத்தப் பாக்குறீங்கல்ல? எங்க போடணும், சொல்லுங்க."

அவர் விரலை வைத்துக் காட்டினார். போட்டேன். எட்டாவது கையெழுத்து என்னுடையது. ஒன்பதாவது ஆளும் இப்படித்தான் போட்டிருக்கிறார்.

அடுத்த வாரம் எட்டுக் குடும்பங்களுக்கும் கடிதம் போனது. தட்டச்சு செய்தது நோட்டக்கா. அதில் ஒரு கடிதம் அவருக்கே. அப்பா அம்மா போன பிறகு தம்பிக்குப் பொறுப்பு அவர்தானே. தன் கடிதத்தைத் தானே அடித்து, உறையில் போட்டு, பெற்றுக்கொண்டதாகப் பதிவேட்டில் தானே கையெழுத்தும் போட்டிருக்கிறார். தலைவர் அவரைக் கூப்பிட்டு, "முதல்ல நம்ம ஆள்ல இருந்து ஆரம்பிச்சா மத்தவங்க வாயத் தொறக்க மாட்டாங்கம்மா" என்றாராம். மற்ற ஏழு குடும்பங்களும் போனை எடுக்காமல், தவணை கேட்டு, அழுது இழுத்தடித்தார்கள். நோட்டக்காவுக்கு அந்த வசதி இல்லை. அதே மாதம் தம்பியின் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அவன் கட்டிலுக்கு இருபத்து நான்கு வயதுப் பையன் ஒருவன் வந்துவிட்டான்.

வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கணவர் இறந்து எட்டு வருடம். மகள் கல்யாணமாகி எங்கோ தூரத்தில் இருக்கிறாள். ஒரு அறை, ஒரு சமையலறை. தம்பிக்குப் படி என்றால் பயம். உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்குவான். பகலில் பக்கத்து வீட்டு அம்மா பார்த்துக்கொள்வார், அதுவும் ஆறு மணி வரைக்கும்தான். தினமும் காலையில் சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு கதவருகே வந்து நிற்பானாம். "போலாமா?" என்பானாம். நோட்டக்கா அவனை விட்டுவிட்டு அதே இல்லத்துக்கு வேலைக்குப் போவார்.

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. எனக்கு என்னதான் தெரிந்தது?

இரண்டு மாதம் கழித்து, இல்லத்துக்கு உதவுகிற அமைப்பு ஒன்று, குழுவில் இருக்கிற எல்லோரும் இரண்டு நாள் பயிற்சிக்கு வந்தே ஆக வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டது. நல்ல நிர்வாகம், குழுவின் பொறுப்பு என்று ஏதோ தலைப்பு. அறுபது வயதில் எங்களுக்குப் பள்ளிக்கூடமா என்று தலைவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஏழு பேர் போனோம். இல்லத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் மேசைகளை ஒதுக்கி நாற்காலி போட்டிருந்தார்கள். ஃபேன் காற்றைவிடச் சத்தத்தை அதிகமாகக் கொடுத்தது.

பயிற்சி கொடுக்க வந்த அம்மாவைப் பார்த்தால் எங்களைவிடக் களைத்திருந்தார். எத்தனை குழுக்களைப் பார்த்து வந்தாரோ. முன்னுரை எதுவும் சொல்லாமல் நோட்டைக் கேட்டு வாங்கினார்.

"கடைசியா என்ன முடிவு எடுத்தீங்க? நோட்டப் பாக்காம ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க சார்."

வக்கீல் தொண்டையைச் செருமினார், அதோடு சரி. அந்த அம்மா நோட்டை என் பக்கம் தள்ளி, "நீங்க கையெழுத்துப் போட்ட கடைசிப் பக்கத்த சத்தமாப் படிங்க" என்றார்.

படித்தேன். 'நாற்பது வயதைத் தாண்டியவர்களை' என்ற இடத்துக்கு வந்ததும் நிமிர்ந்து பார்த்தேன். மூலையில் தண்ணீர் டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்த நோட்டக்கா திரும்பவே இல்லை. அப்போதுதான் மண்டையில் உறைத்தது, வாசலில் நான் கழற்றிப் போட்ட செருப்பு போட்டபடியே கிடந்தது ஏன் என்று.

எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் தப்பான ஆளைப் பிடிப்பது என் பழக்கம். இடைவேளையில் அவரைப் பிடித்தேன்.

"ஏன்க்கா ஒரு வார்த்த சொல்லல?"

"சம்பளத்துக்கு இருக்கிறவ சார் நான். தலைவர் சொன்னத எழுதணும். அது தப்புன்னு நானே எப்பிடி சார் சொல்லுறது, அதுவும் என் தம்பி விஷயத்துல?" டம்ளரைத் துடைத்துக்கொண்டே பேசினார். "ஒம்பது பேரு இருக்கீங்க. ஒருத்தராவது படிச்சுட்டுக் கேப்பீங்கன்னு நெனச்சேன். வீடு வீடா அத நெனச்சுக்கிட்டேதான் வந்தேன்."

எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். "சரி விடுங்க சார்" என்றார். விடுகிற மாதிரியா இருந்தது?

அந்த இரண்டு நாளில் நிறையச் சொல்லிக்கொடுத்தார் பயிற்சி கொடுக்க வந்த அம்மா. கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னால் அறிவிப்பு. படிக்காமல் கையெழுத்து இல்லை. ஊழியரின் உறவினர் பற்றிய பேச்சு வந்தால் அந்த ஊழியர் வெளியே போக வேண்டும். யார் எந்தப் பக்கம் கை தூக்கினார்கள் என்று எழுத வேண்டும். "'நம்ம ஆளு'ங்கிற வார்த்த எங்க வருதோ அங்கதான் நிர்வாகம் கெட ஆரம்பிக்குது" என்று அவர் சொன்னதை நான் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டேன். திருந்தியவனுக்கு இருக்கிற வேகம் எனக்கு.

பத்து நாள் கழித்து, பதினோரு வருடத்தில் முதல் முறையாக நிஜமான கூட்டம் நடந்தது. ஏழு பேர் வந்தோம். நாற்பது வயதுத் தீர்மானத்தை ரத்து செய்தோம். தலைவரும் முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார். மிச்சம் இருந்த ஏழு பேரும் அவரவர் கட்டிலிலேயே இருக்கலாம் என்றானது. காத்திருப்போர் பட்டியலை இனி வரிசைப்படிதான் எடுப்பது என்றும் முடிவு செய்தோம். எல்லோர் முகத்திலும் ஒரு தெளிவு. பிறகு பல் டாக்டர், "தம்பி விஷயம் என்ன பண்றது?" என்று கேட்டார்.

கட்டில் எதுவும் காலி இல்லை. அடுத்து காலியாகும் கட்டிலைத் தம்பிக்குக் கொடுப்பதா, வரிசையில் முதலில் இருப்பவருக்குக் கொடுப்பதா என்பதுதான் கேள்வி. விதிப்படி நோட்டக்காவை வெளியே போகச் சொன்னோம். பேனாவை நோட்டுக்குள் வைத்து மூடிவிட்டுப் போனார். கதவை அவரே சாத்தினார்.

"நம்ம நோட்டக்கா. இருபத்தோரு வருஷம் ஒழச்சவங்க. குடுத்துடலாம்" என்று தலைவர்தான் முதலில் கை தூக்கினார். "இது சலுகை இல்ல, நாம செஞ்ச தப்பச் சரி பண்றது" என்றார் பல் டாக்டர். அவர் சொன்னது நியாயம். ஆனால் வரிசையில் முதலில் இருப்பது யார் என்று எனக்குத் தெரியும். மாதாமாதம் என் கடைக்கு வந்து மகனுக்கு வலிப்பு மாத்திரை வாங்குகிற எழுபது வயது அம்மா. ஆறு வருடமாகக் காத்திருக்கிறார். மாத்திரையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, "கட்டில் காலியாச்சாப்பா?" என்பார். அவருக்கு இந்த ஊரில் 'நம்ம ஆளு' என்று சொல்ல யாரும் இல்லை.

மூன்று பேர் தம்பி பக்கம், மூன்று பேர் வரிசை பக்கம். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மணி ஆறாகப் போகிறது, வக்கீல் சாவியைக் கையில் எடுத்துவிட்டார். நான் வரிசைக்குக் கை தூக்கினேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருந்திருக்கும். யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. இன்றுவரை நான் செய்தது சரியா தப்பா என்று எனக்கே தெரியாது.

நோட்டக்காவைக் கூப்பிட்டோம். வந்து உட்கார்ந்து நோட்டைத் திறந்தார்.

"சொல்லுங்க சார், எழுதிடுறேன். எனக்கு நேரமாவுது."

தலைவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். நான்தான் சொன்னேன். "தம்பி பேர வரிசையில சேக்குறதுன்னு முடிவுக்கா. இப்ப பதிமூணாவது."

எழுதினார். "யார் யார் எந்தப் பக்கம் சார்? எழுதணும்ல."

ஆறு பேரையும் சொன்னேன். "நீங்க?" என்று கேட்டார். வரிசை பக்கம் என்றேன். அதையும் எழுதினார். என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

எல்லோரும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கிளம்பினார்கள். வாசலில் நோட்டக்கா அவசரமாகச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு அம்மா கிளம்பியிருப்பார், தம்பி தனியாக இருப்பான். நான் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "அக்கா, வரிசையில முதல்ல இருக்குற அம்மா ஆறு வருஷமா காத்துக்கிட்டு இருக்காங்க. அதான்..." என்று இழுத்தேன்.

"தெரியும் சார். அந்தப் பட்டியல எழுதினதே நான்தான." தலையை நிமிர்த்தாமலே பேசினார். "நம்ம இல்லத்துல வருஷத்துக்கு ஒரு கட்டில் காலியாவும். தம்பி முறை வர்றப்ப அவனுக்கு அம்பத்தொம்பது. எனக்கு அறுபத்தஞ்சு. அதுவரைக்கும் அவனுக்கு முன்னாடி நான் போயிடக் கூடாது சார், அவ்வளவுதான்."

பஸ் வருகிற சத்தம் கேட்டு ஓடினார்.