அத்தை நிறுத்தும் இடம்

பெங்களூர் போகிற காலை ரயிலில் எங்கள் பெட்டிக்கு ஒரு வழக்கம் உண்டு. போனில் ஆளுக்கு ஒரு பாட்டுப் போட வேண்டும், கூடவே அந்தப் பாட்டின் ஞாபகம் ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒருத்தி காலேஜ் பஸ் என்பாள், ஒருத்தர் முதல் சம்பளம் என்பார். என் முறை வந்தால் நானும் எதையோ போட்டு எதையோ அளந்துவிடுவேன். உண்மையைச் சொன்னால் இறங்குகிற வரைக்கும் ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள்.

எனக்கு இந்த வழக்கம் புதிதில்லை. எங்கள் ஊரில் தங்கச் சுரங்கம் ஓடிக்கொண்டிருந்த கடைசி வருஷங்களில், மைசூர் மைன்ஸ் பக்கம், தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இதே கூத்துதான். அப்பாவின் தங்கை, அதாவது என் அத்தை, டேப்ரிக்கார்டரை நடுவில் வைப்பாள். அவளுடைய சிநேகிதிகளும் அவளுக்கு நிச்சயம் பண்ணியிருந்த மாமாவும் சுற்றி உட்காருவார்கள். ஏன் பிடிக்கும் என்று சொல்லாமல் யாரும் பாட்டுப் போடக் கூடாது. அத்தனையும் இங்கிலீஷ் பாட்டு. பாதிப் பேருக்கு அர்த்தம் தெரியாது, அதனால் ரசிப்பில் ஒரு குறையும் வைக்கவில்லை.

மாமா பக்கத்து ஸ்கெலட்டன் லைனிலிருந்து சைக்கிளில் வருவார். சுரங்கத்துக்குள், அண்டர்கிரவுண்டில் வேலை. அவருக்கு இழுத்து இழுத்துப் பாடும் ஒரு பாடகன்தான் தெய்வம். அத்தைக்கோ துள்ளலாகப் பாடும் ஒரு பாடகி. கல்யாணத் தேதியைப் பற்றிக்கூட அவர்கள் அவ்வளவு பேசியிருக்க மாட்டார்கள், இந்த இரண்டு பேருக்காக அப்படி அடித்துக்கொண்டார்கள்.

"உங்க ஆளு பாடுறானா, இல்ல பல்லு வலின்னு அழுவுறானா?" என்பாள் அத்தை.

"உன் ஆளு மட்டும் இன்னாவாம்? மூச்சு வாங்குறதத் தவிர இன்னா பாடுறா?" என்பார் மாமா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா ஒரு புது கேசட்டை அத்தையிடம் நீட்டினார். ரேடியோவில் புதன்கிழமை சாயங்காலம் நேயர்கள் கேட்கும் இங்கிலீஷ் பாட்டு போடுவார்கள். அதற்குக் கார்டு எழுதிப் போட்டிருக்கிறாராம். "நம்ம ரெண்டு பேரு பேரையும் சொல்லுவாங்க. எனக்கு செகண்ட் ஷிப்ட், கீழ இருப்பேன். நீ ரெக்கார்டு பண்ணி வை, எல்லாரும் சேந்து கேக்கலாம்" என்றார். என்ன பாட்டு என்று மட்டும் சொல்லவில்லை.

அந்தக் காலத்து ரெக்கார்டிங் என்றால் ரேடியோவுக்கு எதிரே டேப்ரிக்கார்டரை வைத்து, வீட்டில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பதுதான். தும்மினால் தும்மலும் பாட்டில் சேர்ந்துவிடும். சில புதன்கிழமைகள் ஏமாற்றின. பிறகு ஒரு புதன் அறிவிப்பாளர் இரண்டு பெயர்களையும் வாசித்தார். அத்தை சட்டென்று பட்டனை அழுத்தினாள். வந்தது அவள் பாடகியின் பாட்டு! இத்தனை நாள் கேலி பண்ணிவிட்டு, மனுஷன் கடைசியில் அவளுக்குப் பிடித்ததைத்தான் கேட்டிருக்கிறார். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் மட்டும் சிரித்தது.

பாட்டு பாதியில் இருந்தபோது பூமி உதறியது. பாத்திரங்கள் உருண்டன. "அத்தை, ஏர் பிளாஸ்ட்!" என்று கத்தினேன். ஆழத்தில் பாறை வெடித்து வீடு ஆடுவதற்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். வாரத்துக்கு ஒன்றாவது வரும், யாரும் சாப்பாட்டிலிருந்து எழுந்திருக்கக்கூட மாட்டார்கள். அத்தை சிரித்தேவிட்டாள். "சும்மா இருடி, ஒண்ணும் ஆவாது. பாட்டு கெட்டுப் போவுது பாரு" என்றாள்.

பாட்டு முடிந்து அவள் கேசட்டை வெளியே எடுக்கும்போது, ஊத வேண்டாத நேரத்தில் சுரங்கத்துச் சங்கு ஊதியது.

மூன்றாம் நாள்தான் மாமாவின் உடலை, ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக் கேஜில் மேலே கொண்டுவந்தார்கள். தாலி கட்டாததால் அத்தை எந்தப் பக்கம் நிற்பது என்று யாருக்கும் தெரியவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்களோடு பெண்ணாகக் கடைசி வரிசையில் நின்றாள். யாரும் அவளைக் கட்டிக்கொண்டு அழவில்லை.

சில மாதம் கழித்து ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் மறுபடி சேர்ந்தது. அத்தையும் வந்து உட்கார்ந்தாள். வாரா வாரம் அதே கேசட்டைப் போட்டாள். அவளிடம் மட்டும் யாரும் காரணம் கேட்கவில்லை. பெயர்கள் வரும், பாட்டு தொடங்கும், பாதியில் சரியாக ஒரே இடத்தில் நிறுத்திவிட்டுத் திருப்பிச் சுற்றுவாள்.

எனக்கோ ஆத்திரமான ஆத்திரம். இன்னும் கொஞ்சம் ஓடவிட்டால் என் குரல் வரும்! என் குரல் கேசட்டில் இருக்கிறது என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றிவைத்திருந்தேன். "இன்னும் கொஞ்சம் வுடேன் அத்தை, நான் பேசுறது வரும்" என்று கெஞ்சுவேன். அவள் காதில் விழாத மாதிரி இருப்பாள். என் மேல் இவளுக்கு இவ்வளவு பொறாமையா என்று நினைத்துக்கொள்வேன்.

ஓயாமல் சுற்றிச் சுற்றி அந்த இடத்தில் நாடா நைந்துவிட்டது. ஒரு ஞாயிறு மிஷினுக்குள் சிக்கிக்கொண்டது. அத்தை அதை மெதுவாக வெளியே இழுத்து, விரலால் நீவி, பென்சிலை விட்டுச் சுற்றி மறுபடி போட்டாள். கசங்கிய நாடாவில் பாட்டு முனகியது. வழக்கமாக நிறுத்தும் இடம் எதுவென்று அவளுக்குப் பிடிபடவில்லை. விரல் பட்டனுக்குப் போவதற்குள் அந்தச் சத்தம் வந்துவிட்டது. பாத்திரங்கள் உருண்டன. நான் கத்தினேன். அத்தை சிரித்தாள். ஒண்ணும் ஆவாது என்றாள்.

நான் குதித்துக் குதித்துக் கை தட்டினேன். "கேட்டீங்களா, நான்தான் அது!" என்றேன். கூட ஒருத்தரும் தட்டவில்லை. அத்தை எழுந்து உள்ளே போய் அடுப்பில் உலை வைத்தாள். மத்தியானச் சாப்பாடு அப்போதுதான் முடிந்திருந்தது.

அதற்கப்புறம் அவள் எந்தப் பாட்டுக்கும் வந்து உட்காரவில்லை, இன்று வரைக்கும். அவளுக்கு அந்தப் பாட்டு சலித்துப் போய்விட்டது என்று அப்பாவிடம் போய்ச் சொன்னேன். அவள் நிறுத்திக்கொண்டிருந்த அந்த இடம் வரைக்கும் மாமா கீழே உயிரோடு வேலை செய்துகொண்டிருந்தார் என்பது அப்போது எனக்கு எட்டவே இல்லை.